யாருடைய செங்கல் இது?

நீண்ட பதிவு. கட்டடக்கலை, மரபுப் பாதுகாப்பு, வரலாறு ஆகிய துறைகளில் பயில்வோரும் கற்பிப்போரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். சிலருக்குக் கசக்கும். கசப்பில் ஒரு பங்கு எனக்கும் உரியது என்பதை இடையில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் தில்லியில் ஒரு கருத்தரங்கு. ஷாஜகானாபாத்தில் இருந்து, இன்று இல்லாமற்போன ஒரு ஹவேலியின் எண்ணிம மீட்டுருவாக்கத்தை ஓர் ஆய்வுக்குழு திரையிட்டது. முற்றம், தூண்கள், வளைவுகள், மாலை வெயில், பறந்து செல்லும் புறாக்கள், அரங்கம் கைதட்டியது. காட்சி நகர்ந்து, காரை பெயர்ந்த ஒரு சுவரின் அருகே நின்றது. உள்ளிருந்த செங்கற்கள் தெரிந்தன. கூரான விளிம்புகள், ஒரே அளவு, ஒரே சிவப்பு. ஒவ்வொரு வரியிலும் கற்கள் தம் நீள்முகத்தை மட்டுமே காட்டிக் கிடந்தன. நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “இது யாருடைய செங்கல்?” கட்டுரையாளர் சற்றே திகைத்து, “மென்பொருளின் பொருள் நூலகத்தில் இருந்தது, சார். பார்ப்பதற்கு இயல்பாக இருந்தது” என்றார். அமர்வுத் தலைவர் சிரித்தபடி, “இத்தகைய நுணுக்கங்களைத் தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளலாமே” என்றார். தேநீர் இடைவேளையில் எவரும் பேசவில்லை. எனவே இங்கே பேசுகிறேன்.

முகலாயர் காலத்தில் தொடங்கி, காலனியாட்சி தன் அளவுச் செங்கலைப் பரப்பும் வரை, தில்லியிலும் லக்னோவிலும் பெருவழக்காக இருந்தது லகௌரிச் செங்கல். தடிமன் ஓரங்குலத்தை ஒட்டியது. கையளவே ஆன மெல்லிய ஓடு போன்றது. அதைச் சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த காரையில் பதித்துப் பருத்த சுவர்களை எழுப்பினர். லக்னோவின் பெரிய இமாம்பாராவும் அந்தக் கல்லால் எழுந்ததே. அச்சுவரைக் கூர்ந்து பார்த்தவருக்குத் தெரியும்: அங்கே கல்லுக்கு நிகராகக் காரையும் கண்ணில் படும். சுவரின் வலிமையும் வளைவின் நெகிழ்வும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பும் அந்தக் காரையில்தான் இருக்கின்றன.

திரையில் நாங்கள் கண்டதோ முற்றிலும் வேறு. நீள்முகங்கள் மட்டுமே தெரியும் கட்டு, அரைக்கல் தடிமனுள்ள சுவருக்கு உரியது. 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவிய இடைவெளிச் சுவரின் வெளிப்படலம் அப்படித்தான் இருக்கும். சுவர் ஒரு கல் தடிமனோ அதற்கு மேலோ இருந்தால் இரு முகங்களையும் பிணைக்கக் குறுக்கே கற்கள் போக வேண்டும். அவற்றின் தலைமுகம் வெளியே தெரிந்தாக வேண்டும். ஆங்கிலக் கட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரியில் தெரியும். பிளெமிஷ் கட்டில் ஒவ்வொரு வரியிலும் மாறி மாறித் தெரியும். எந்த ஊரின் கொத்தனாரும் அறிந்த செய்தி இது. எங்கள் அரங்கில் இருந்த முனைவர்களுள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. முழங்கை நீளத்துக்கும் மேல் தடித்த ஒரு ஹவேலிச் சுவர், நம் கண்முன் நாலரை அங்குலப் புறநகர் வீட்டுச் சுவராக மாறிப்போயிற்று, நாம் கைதட்டினோம்.

இதை அழகியல் மாறுபாடு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. எண்களைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி அலகுச் செங்கல் 190 × 90 × 90 மில்லிமீட்டர்; காரையைச் சேர்த்தால் ஒரு மீட்டர் உயரத்துக்குப் 10 வரிகள். பிரித்தானியச் செங்கல் 215 × 102.5 × 65 மில்லிமீட்டர். காரையுடன் ஒரு வரிக்கு 75 மில்லிமீட்டர். 3 மீட்டர் சுவரில் முன்னது 30 வரிகள், பின்னது 40 வரிகள். மனிதக் கண் ஒரு சுவரின் உயரத்தைச் செங்கல் வரிகளைக் கொண்டே தன்னையறியாமல் அளக்கிறது. கல்லை மாற்றினால் கட்டடத்தின் அளவையே மாற்றுகிறோம். ஓரங்குல லகௌரி இருந்த இடத்தில் இரண்டரை அங்குலக் கல்லை வைத்தால், பெரிய ஹவேலி சிறு வீடாகத் தோன்றும். வடிவத்தை மில்லிமீட்டர் பிசகாமல் லேசர் கருவியால் அளந்துவிட்டு, அதன் மேல் இந்தப் பிழையை நாமே பூசுகிறோம்.

இப்போது என் பங்கு. சில ஆண்டுகளுக்கு முன், முதுநிலை ஆய்வுக்காக ராஜஸ்தானத்தின் ஒரு சிற்றூரில் பாழடைந்த படிக்கிணறு ஒன்றை மாதிரியாக்கினேன். அதன் மேல்மண்டபம் சரிந்து கிடந்தது. தரை எதனால் ஆனது என்பதற்குச் சான்றில்லை. சமர்ப்பிப்புக்கு முந்தைய இரவு, இலவச நூலகம் ஒன்றிலிருந்து ஒரு மஞ்சள் மணற்கல்லை எடுத்துத் தரையெங்கும் விரித்தேன். படம் நன்றாக வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. இரண்டாண்டுகள் கழித்து ஒரு மாணவியின் ஆய்வேட்டைப் படித்தபோது, அம்மண்டபம் “மஞ்சள் மணற்கல் தளம் உடையது” என்று எழுதப்பட்டிருந்தது. சான்று: என் படம். நான் அந்தப் படத்தின் கீழ் எதையும் எழுதவில்லை. ஊகம் என்றோ, இரவல் என்றோ ஒரு சொல்லும் இல்லை. என் சோம்பல் இன்னொருவரின் ஆய்வில் வரலாற்று உண்மையாக அமர்ந்துவிட்டது. அந்த மாணவிக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவரது ஆய்வேடு ஏற்கெனவே நூலகத்தில் இருந்தது. அதில் அந்த வரி இன்றும் இருக்கிறது.

அன்றிலிருந்து, “மேற்பரப்பு கடைசி இரவு வேலை” என்ற நம் வகுப்பறைப் பழக்கத்தை என்னால் சகித்துக்கொள்ள இயலவில்லை. நாம் மாணவருக்குக் கற்பிப்பது இதுதான்: முதலில் வடிவம், அதுவே சிந்தனை, பின்னர் பொருள், அது அலங்காரம். மென்பொருளும் இதையே பழக்குகிறது. வடிவம் முடிந்தபின் ஒரு சட்டகம் திறக்கிறது. வண்ண வண்ணக் கோளங்கள் வரிசையாக நிற்கின்றன. சேலைக் கடையில் விரித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சுவரில் போட்டுப் பார்க்கிறோம். கண்ணுக்குப் பிடித்தது நிலைக்கிறது. ஒரு பொருள் எந்தக் குவாரியிலிருந்து வந்தது, யார் வெட்டினார், யார் பூசினார், எத்தனை மழை கண்டது என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டகத்தில் இடமே இல்லை.

ஆனால் இந்தியக் கட்டடங்களில் வரலாறு பெரும்பாலும் மேற்பரப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஜெய்ப்பூரை எடுத்துக்கொள்வோம். பழைய நகரின் கடைத்தெரு முகப்புகளில் நாம் காணும் இளஞ்சிவப்பு, கல்லின் நிறமன்று. சுண்ணாம்புக் காரையின் மேல் அடித்த காவிப் பூச்சின் நிறம். நகரம் முழுவதற்கும் அந்தப் பூச்சு 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1727இல் தொடங்கப்பட்ட நகரத்தை மாதிரியாக்கி, அதன்மேல் இளஞ்சிவப்பு மணற்கல்லை ஒட்டும் மாணவர் ஒரே சொடுக்கில் இரண்டு தவறுகளைச் செய்கிறார்: பூச்சைக் கல்லாக்குகிறார், 19ஆம் நூற்றாண்டு அரசியல் வரவேற்பு ஒன்றை 18ஆம் நூற்றாண்டு நகர அமைப்பின் இயல்பாக்குகிறார்.

அதே ராஜஸ்தானத்தின் அராயிஷ் பூச்சு இன்னொரு சான்று. சலவைக்கல் தூள் கலந்த சுண்ணாம்பைப் பல படலங்களாகப் பூசி, அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றுவர். நிறத்தை மட்டும் அளந்தால் அதற்கும் சாதாரண வெள்ளைப் பூச்சுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு ஒளி அதன்மேல் நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. இன்றைய ரெண்டர் மென்பொருள்களில் ‘ரஃப்னஸ்’ எனப்படும் சொரசொரப்பு அளவு ஒன்று உண்டு. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய ஒரு கைவினையின் மொத்த உழைப்பும் அந்த எண்ணில்தான் பதிவாக வேண்டும். நாமோ மென்பொருள் முன்கூட்டியே இட்டுவைத்த மதிப்பை மாற்றாமல் விட்டுவிடுகிறோம். ஒரு கைவினைஞர் பல நாட்கள் தேய்த்த சுவரை ஒரு நொடியில் சொரசொரப்பாக்கிவிடுகிறோம்.

அடுத்து, தில்லியின் பிரகதி மைதானத்தில் நின்ற ஹால் ஆஃப் நேஷன்ஸ். ராஜ் ரேவாலின் வடிவமைப்பு, மகேந்திர ராஜின் கட்டமைப்புப் பொறியியல், 1972இல் எழுந்தது. முப்பரிமாணச் சட்டகக் கூரைகளை உலகம் எஃகுக் குழாய்களால் செய்துகொண்டிருந்த காலம். இங்கே அத்தகைய எஃகும் அதை இணைக்கும் தொழிற்சாலை வசதியும் எளிதில் கிட்டவில்லை. இருந்தது கான்கிரீட்டும் மனித உழைப்பும். எனவே அந்தச் சட்டகத்தையே அந்த இடத்திலேயே கான்கிரீட்டில் வார்த்தனர். அக்கட்டடத்தின் வடிவத்தை மட்டும் பார்த்தால் அது எந்த நாட்டிலும் நிற்கக்கூடிய ஒரு பிரமிடு. அதன் மேற்பரப்பைப் பார்த்தால்தான், பற்றாக்குறையைப் பொறியியலால் எதிர்கொண்ட விடுதலைக்குப் பிந்தைய இந்தியா தெரியும். மரபுக் கட்டடமாகக் கருதப்பட 60 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்ற காரணம் சொல்லப்பட்டு, 2017 ஏப்ரலில் அது இடித்துத் தள்ளப்பட்டது.

இனி அது வரைபடங்களிலும் புகைப்படங்களிலும் எண்ணிம மாதிரிகளிலும் மட்டுமே வாழும். நான் அண்மையில் பார்த்த ஒரு மாணவர் மாதிரியில் அதன் சட்டகங்கள் வழவழப்பான, ஒரு புள்ளிக் கறையும் இல்லாத சாம்பல் நிறத்தில் இருந்தன. வார்ப்புப் பலகைகளின் தடம் இல்லை. வார்ப்பு நின்று தொடர்ந்த மூட்டுக்கோடு இல்லை. மழைநீர் வழிந்த கறை இல்லை. பார்ப்பவர் அதை வண்ணம் பூசிய எஃகு என்றே எண்ணுவார். புல்டோசர் கட்டடத்தை அழித்தது. அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதை நம் மாதிரி அழிக்கிறது. சண்டிகரின் தலைமைச் செயலகக் கட்டடத்தொகுதியை மாதிரியாக்குவோரும் இதையே செய்கிறார்கள். பலகையின் தடத்தைக் கான்கிரீட்டில் அப்படியே விட்டுவைத்ததே லெ கொர்புசியேவின் தேர்வு. தலையில் சட்டி சுமந்து சாய்தளங்களில் ஏறிய பெண் தொழிலாளர்களைப் பழைய புகைப்படங்களில் காண்கிறோம். அவர்களது உழைப்பின் எஞ்சிய கையெழுத்து அந்தச் சொரசொரப்புதான்.

தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட முடியாது. எட்வின் கேட்மல் 1974இல் தம் முனைவர் ஆய்வேட்டில், ஒரு வளைபரப்பின்மேல் படத்தைப் போர்த்தும் வழியைக் காட்டினார். ஜேம்ஸ் பிளின் 1978இல் மேடுபள்ளம் இல்லாத பரப்பில் மேடுபள்ளத்தின் ஒளியை மட்டும் உண்டாக்கிக் காட்டினார். கண்ணுக்குத் தோற்றத்தைத் தருவதே இவற்றின் நோக்கம்; சான்று தருவதாக அவர்கள் சொல்லவில்லை. அந்தத் தோற்றக் கருவியைச் சான்றுக் கருவியாக வகுப்புக்கும் கருத்தரங்குக்கும் கொண்டுவந்தவர்கள் நாம். அப்படிக் கொண்டுவந்தபோது சான்றுக்குரிய ஒழுக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்கள் வரும். முதலாவது: “எங்கள் கல்லூரியில் நேரமும் கருவியும் இல்லை, இலவச நூலகம்தான் கதி.” இதில் பாதி உண்மை. இலவச நூலகங்களை உருவாக்கி உலகுக்குக் கொடுத்தவர்கள்மேல் எனக்கு நன்றியே உண்டு. அவர்கள் தம்மைச் சுற்றியிருந்த சுவர்களைப் படமெடுத்தார்கள். அது அவர்கள் பிழையன்று. ஓக் மரத்தரை வேண்டுமென்று நான் தேடியபோது பத்து வகைகள் வந்தன. சாணி மெழுகிய தரையையும் சிவப்புக்காவித் தரையையும் கோட்டாக் கல் தளத்தையும் செம்புறாங்கல் சுவரையும் தேடியபோது பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்பினேன். இந்தக் கோடிக்கணக்கான சதுர அடி மேற்பரப்புகளின் மேல் நடந்து கல்லூரிக்கு வருபவர்கள் நாம். அவற்றைப் படமெடுக்க வேண்டியவர் வேறு யார்?

கருவி இல்லை என்பதும் முழு உண்மையன்று. மேகம் மூடிய ஒரு காலை, கைப்பேசி, 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் ஒரு சாம்பல் அட்டை, சுவரோடு சேர்த்துப் படமெடுக்க ஓர் அளவுகோல்: பயிற்சி வகுப்புக்கு இவை போதும். மேகம் ஏன் வேண்டும்? உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஒவ்வொரு கல்லின் கீழும் நிழல் உறைந்திருக்கும். அதை மாதிரியின் மாலை ஒளியில் வைத்தால் ஒரே சுவருக்கு இரண்டு சூரியன்கள். அளவுகோல் ஏன் வேண்டும்? அது இல்லாவிட்டால் படத்தை எவ்வளவு விரிப்பது என்பதைக் கண் தீர்மானிக்கும். கண் தீர்மானித்தால் என்னவாகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது எதிர்வாதம் நுட்பமானது: “பொருளே வேண்டாம். வெள்ளை மாதிரியாக விட்டுவிடுவதே நேர்மை.” அறியாததை அறிந்ததாகக் காட்டாத வெள்ளையை நானும் மதிக்கிறேன். ஆனால் அறிந்ததையும் சேர்த்து வெளுப்பது நேர்மையாகாது. வண்ணம் தீட்டிய கிரேக்கச் சிலைகள் நெடுங்காலம் வெண்பளிங்கின் தூய்மையாகவே போற்றப்பட்ட கதை நமக்குத் தெரியும். வெள்ளைக்கும் ஒரு வரலாறும் ஒரு சார்பும் உண்டு. லகௌரி என்று தெரிந்த சுவருக்கு லகௌரியைக் கொடுங்கள். தெரியாத தரைக்கு மட்டும் வெள்ளையைக் கொடுங்கள். இரண்டும் ஒரே படத்தில் அருகருகே நிற்கட்டும். அந்த ஒட்டுப்போட்ட படம் அழகாக இருக்காது. ஆனால் அதைப் பார்ப்பவருக்கு நம் அறிவின் எல்லை எங்கே என்பது விளங்கும்.

மூன்றாவது எதிர்வாதம் இப்போது புதிதாக எழுந்திருக்கிறது: “செயற்கை நுண்ணறிவிடம் கோட்டுருவத்தைக் கொடுத்தால் அதுவே பொருளைப் போட்டுத் தருகிறதே.” தருகிறது. நூலகத்திலிருந்து நான் எடுத்த மஞ்சள் மணற்கல்லுக்கு ஒரு கோப்புப் பெயராவது இருந்தது. எங்கே தவறினேன் என்று திரும்பிச் சென்று காண முடிந்தது. எந்திரம் வரைந்த சுவருக்கு அதுவும் இல்லை. அங்கே கல்லைத் தேர்ந்தவர் எவருமில்லை. எனவே பொறுப்பாளியும் எவருமில்லை. பொறுப்பாளி இல்லாத படத்தை ஆய்வு என்று ஏற்கும் துறை, தன்னைத் துறை என்று அழைத்துக்கொள்ளும் தகுதியை இழக்கும்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை, நான்கே கோரிக்கைகள்.

ஒன்று: ஆய்வேட்டிலோ கருத்தரங்கிலோ வெளிவரும் ஒவ்வொரு மீட்டுருவாக்கப் படத்துடனும் ஒரு பொருள் பதிவேடு இருக்கட்டும். ஒவ்வொரு மேற்பரப்புக்கும் எதிரே மூன்று சொற்களில் ஒன்று போதும்: அளந்தது, ஊகித்தது, இரவல் வாங்கியது. 2006இல் உருவாகி 2009இல் திருத்தம் பெற்ற லண்டன் சாசனம், எண்ணிமக் காட்சியாக்கத்தில் சான்றுக்கும் ஊகத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று எப்போதோ வலியுறுத்திவிட்டது. நம் வகுப்பறைகளில் அது தேர்வுக்கு வரும் வினாவாக மட்டும் இருக்கிறது.

இரண்டு: மதிப்பீட்டுக் குழுவினர் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு சுவரைச் சுட்டி, “இது யாருடைய செங்கல்?” என்று கேட்கட்டும். விடை “இரவல்” என்றால் மதிப்பெண் குறைய வேண்டாம். விடை தெரியாவிட்டால் குறையட்டும்.

மூன்று: ஒவ்வொரு கட்டடக்கலைத் துறையும் தன்னைச் சுற்றியுள்ள நூறு கிலோமீட்டரின் மேற்பரப்புகளைத் திரட்டி, எவரும் பயன்படுத்தத்தக்க உரிமத்துடன் வெளியிடட்டும். கேரளமும் கோவாவும் செம்புறாங்கல்லை, மகாராஷ்டிரம் கரும்பாறையை, ராஜஸ்தானம் கோட்டாவையும் ஜெய்சல்மேரின் மஞ்சள் கல்லையும், தமிழ்நாடு செட்டிநாட்டுப் பூச்சையும் ஆத்தங்குடி ஓட்டையும் தரட்டும். ஓர் ஆண்டின் மாணவர் குழுக்கள் இதைச் செய்துவிட முடியும். அடுத்து வரும் பல தலைமுறைகள் அதைப் பயன்படுத்தும்.

நான்கு: அந்தத் தொகுப்பில் படமெடுத்தவர் பெயருக்கு அருகே, அவர் ஒப்புதலுடன், அச்சுவரைக் கட்டியவர் அல்லது பூசியவர் பெயரும் இடம்பெறட்டும். காரையின் கலவை விகிதத்தை நமக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான். அவரைக் கேட்காமல் அவர் கைவண்ணத்தைக் கோப்பாக மாற்றுவது இன்னொரு வகைக் களவு.

அந்த ஹவேலியின் மாதிரியை உருவாக்கிய இளைஞர்மேல் எனக்குச் சினமில்லை. கருத்தரங்கு முடிந்தபின் அவர் என்னைத் தேடி வந்து, “லகௌரிச் சுவர் இன்னும் நிற்கும் இடம் ஏதாவது தெரியுமா, சார்?” என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய தில்லியில் ஒரு சந்துக்குள் போனோம். ஓர் இடிபாட்டின் ஓரத்தில் ஆளுயரச் சுவர் ஒன்று எஞ்சியிருந்தது. அளவுகோலை வைத்து அறுபது படங்கள் எடுத்தோம். அருகில் தேநீர்க்கடை வைத்திருந்த முதியவர், அடுத்த மாதம் அதுவும் இடிக்கப்படும் என்றார்.

மாற்றுக் கருத்துள்ளோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள்; விவாதிப்போம். ஆனால் எழுதும் முன், நீங்கள் கடைசியாகச் சமர்ப்பித்த மாதிரியைத் திறந்து, ஒரு சுவரைத் தேர்ந்து, என் கேள்வியை உங்களிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.